புகைக்காகப் பிறந்த கருவி

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, என்ஜின் சுற்றுகிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை. கார் பிறந்த நாளிலிருந்தே இருந்துவரும் புகார் போலத் தோன்றினாலும், இந்த வடிவில் இதற்கு வயது 110 ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல்தான். அதற்கு முன்பு என்ஜினைச் சுற்றியது மனிதக் கை. சுற்றுவது ஒரு வேலை, பிடிப்பது இன்னொரு வேலை என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று யாருக்கும் அவசியம் இல்லை. இன்று இதே புகாரோடு வரும் காரில் பட்டறைக்காரர் முதலில் செய்வது, காரின் கம்ப்யூட்டர் பதியும் கோளாறு எண்ணை ('கோடு') படிக்கும் ஸ்கேனரை மாட்டுவது. கோடு வந்தால் அதற்குரிய பாகம் மாறுகிறது. கோடு வராவிட்டால் திகைப்பு தொடங்குகிறது, அதன்பின் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதும், ஏறிக்கொண்டே போகும் பில்லும். ஸ்கேனர் மௌனமாக இருப்பதை 'கோளாறு எதுவும் இல்லை' என்ற சான்றிதழாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு இருக்கிறது. அந்தக் கருவி யாரால், எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்ற வரலாற்றைப் பார்த்தால், ஸ்டார்ட் ஆகாத வண்டியின் முன்னால் அது வாய் திறக்காததற்கு நல்ல காரணம் இருப்பது தெரியும்.

ஸ்டார்ட் ஆகாத காரின் வரலாறு எழுதத் தொடங்கினால் முதல் பெயர் பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களுடன் அவருடைய மூன்று சக்கர வண்டியில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்து, வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் துணிக்கறை நீக்கும் லிக்ரோயின் வாங்கி ஊற்றியது பலரும் அறிந்த கதை. அதே பயணத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் வேறு இரண்டு செய்திகள்தான் இங்கே முக்கியம். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பற்றவைப்புக் கம்பி தேய்ந்து உராய்ந்தபோது காலுறை கட்டும் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் கொடுத்தார். ஒன்று பெட்ரோல் கோளாறு, மற்றொன்று கரண்ட் கோளாறு. இன்றைக்கும் எந்தப் பட்டறையில் கேட்டாலும், பிடிக்காத வண்டியில் முதலில் பார்ப்பவை இவ்விரண்டும்தான். கருவி என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. எது வராவிட்டால் எரியாது என்ற அறிவு இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த கால் நூற்றாண்டில் என்ஜின்கள் பெரிதாயின, ஆனால் ஸ்டார்ட் செய்வது ஹேண்டிலை நம்பியே இருந்தது. ஹேண்டில் சுற்றுவதைக் கடினமான, ஆபத்தான வேலை என்று மட்டுமே பலரும் எழுதுகிறார்கள். ஆபத்தானதுதான்: என்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு எலும்பு முறியும். முன்கை எலும்பின் ஒருவகை முறிவுக்கு ஆங்கில மருத்துவ நூல்களில் இன்றும் 'கார் ஓட்டுநர் முறிவு' என்றே பெயர். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அன்று ஓட்டக் கற்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று. ஆனால் அந்த ஹேண்டில் ஒரு சோதனைக் கருவியாகவும் இருந்தது. நான்கு சிலிண்டர் என்ஜினை மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கை ஒரு தடையை உணரும். அதுதான் கம்ப்ரஷன். நான்கில் ஒன்றில் தடை தளர்ந்து கை சட்டென்று இலகுவாக இறங்கினால், அந்த சிலிண்டரின் வால்வோ பிஸ்டன் ரிங்கோ காற்றைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். 1908-இல் வந்து 1927 வரை 1.5 கோடிக்கும் மேல் தயாரான ஃபோர்டு டி மாடலில் காதுக்கும் வேலை இருந்தது. ஓட்டுநருக்கு முன்னால் ஒரு பெட்டி, அதற்குள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள். ஹேண்டில் சுற்றும்போது ஒவ்வொரு காயிலும் தன் முறை வரும்போது 'ர்ர்' என்று அதிரும். அதிராத காயில் எது என்பதைக் கேட்டே சொல்லலாம். என்ஜின் ஓடும்போது ஏதோ ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால், காயில்களின் அதிர்வுத் தகடுகளை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துப் பார்ப்பார்கள். எதை அழுத்தினால் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அதுதான் அடிக்காத சிலிண்டர்.

கைக்கும் என்ஜினுக்கும் இருந்த இந்த நெருக்கத்தை முறித்தவர் சார்ல்ஸ் கெட்டரிங். அமெரிக்காவின் டேட்டன் நகரில், கடைகளின் கல்லாப்பெட்டிகளைத் தயாரித்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் அந்தப் பெட்டியை மின்சாரத்தால் இயக்கும் மோட்டாரை உருவாக்கியவர். அங்கே அவர் கண்டது எளிய உண்மை: சில நொடிகள் மட்டுமே ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, சிறிய மோட்டாரையே அதன் தாங்குதிறனுக்கு மேல் அந்த நேரத்துக்கு மட்டும் உழைக்க வைக்கலாம். என்ஜினைச் சுற்றும் அளவு மோட்டார் வைத்தால் கார் முழுக்க அதுவே அடைத்துக்கொள்ளும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1912 மாடல் காடிலாக் காரில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பாட்டரியும், காயிலும், காயிலின் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டும் சேர்ந்த பற்றவைப்பு முறையையும் அதே காடிலாக்குக்கு அவர்தான் செய்து கொடுத்திருந்தார். ஒரே மனிதரின் இந்த இரண்டு படைப்புகளும் ஒரே பாட்டரியை நம்பி நின்றன, நாம் பேசும் புகாரின் ஒரு பெரிய கிளை அங்கிருந்தே முளைத்தது. செல்ஃப் மோட்டார் பாட்டரியிலிருந்து கரண்டை அள்ளும்போது வோல்டேஜ் கீழே இறங்குகிறது. சுற்றுவதற்குப் போதுமான பாட்டரி, பிளக்கில் பொறி தருவதற்குப் போதாமல் போகலாம். இதைச் சமாளிக்கவே பிற்கால 12 வோல்ட் கார்கள் பலவற்றில் காயிலுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டரை வைத்து, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் அதைத் தவிர்த்து முழு வோல்டேஜையும் காயிலுக்கு அனுப்பினார்கள். அந்த ரெசிஸ்டர் எரிந்துபோனால் செல்ஃப் அடிக்கும்போது வண்டி பிடிக்கும், சாவியை விட்ட கணமே அணையும். இந்த ஒரு அறிகுறியை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். இந்த ஏற்பாட்டின் வரலாறு தெரியாதவருக்கு மட்டும்தான் அது புதிர்.

கெட்டரிங்கின் பாயிண்ட் முறை உலகெங்கும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது, இந்தியாவில் இன்னும் அதிகம். உத்தர்பாராவில் 1958 முதல் தயாரான அம்பாஸிடரும், பம்பாயில் தயாரான ஃபியட்டும் அதன் வழிவந்த பிரீமியர் பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அந்த முறையில் ஓடியவை. 1961-இல் தொடங்கிய சென்னை பாடியின் லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை, கார்களின் செல்ஃப் மோட்டார்களையும் டிஸ்ட்ரிபியூட்டர்களையும் இங்கேயே செய்து தந்தது. நம் பட்டறைகளின் தேடும் முறை அந்தக் காலத்தில் உருவானது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடிய நிலையில் இருக்கும்படி என்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, ஸ்குரூடிரைவர் முனையால் பாயிண்டை விலக்குவார்கள். காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் முனையை என்ஜின் பிளாக்குக்கு அருகில் பிடித்திருந்தால், விலக்கும் ஒவ்வொரு முறையும் நீலப் பொறி சடக்கென்று தாவ வேண்டும். பொறி மஞ்சளாக, மெலிதாக வந்து, பாயிண்டிலேயே தீப்பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. பொறி நன்றாக இருந்தால், பாயிண்டுக்கு இடையில் சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்பரேட்டருக்குப் போவார்கள். மூக்கில் பெட்ரோல் நெடி ஏறினால் என்ஜின் மூழ்கியிருக்கிறது, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். நெடியே இல்லை என்றால் பெட்ரோல் வரவில்லை. சித்திரை வெயிலில் பம்ப் சூடேறி லைனில் ஆவி கட்டிக்கொண்டால் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன், இவை மூன்றும் சரியான நேரத்தில் சந்திக்கின்றனவா என்ற டைமிங்: இந்த வரிசையை எழுதிவைத்தவர் யாரும் இல்லை, கையோடு கையாக வந்தது. எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததால்தான் அந்த வரிசை நிலைத்தது என்று சொல்வேன்.

அதன்பின் வந்த பெரிய மாற்றத்துக்கும் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும் தொடர்பே இல்லை. அது லாஸ் ஏஞ்சலிஸ் வானத்தில் தொடங்கியது. அந்த நகரைக் கண்ணெரிய வைத்த புகைமூட்டம், கார்ப் புகையின் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது என்பதை 1950-களில் கண்டு சொன்னவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர். 1967-இல் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் ஆனவரும் அவரே. புகைக் கட்டுப்பாடுகள் இறுகின. 1975 மாடல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. அதன் பின்னால் வந்த மூவழி வகை ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும், கார்பரேட்டரால் மட்டும் அது முடியாது. ஆக்ஸிஜன் சென்சாரும் அதைப் படித்துத் திருத்தும் கம்ப்யூட்டரும் காருக்குள் நுழைந்தது இதனால்தான். 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்தக் கம்ப்யூட்டரை வைத்தது. டாஷ்போர்டின் கீழிருந்த இணைப்பில் இரண்டு முனைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்தால் 'செக் என்ஜின்' விளக்கு கண்சிமிட்டிக் கோடு சொல்லும். முதலில் வருவது எப்போதும் 12. அதன் பொருள், 'என்ஜின் சுற்றுவதாக எனக்குச் சிக்னல் வரவில்லை' என்பது. என்ஜின் நிற்கும்போது அது இயல்பான நிலை, கோளாறு அல்ல. இந்தச் சிறு விவரத்தைக் கவனிக்க வேண்டும். நிற்கிற என்ஜினுக்கும், சுற்றியும் சிக்னல் வராத என்ஜினுக்கும் வேறுபாடு தெரியாத நிலை அந்தக் கம்ப்யூட்டருக்குப் பிறப்பிலேயே இருந்தது.

1988 மாடலிலிருந்து கலிஃபோர்னியா ஒரு விதியைக் கட்டாயமாக்கியது: புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் பழுதானால் காரே கண்டுபிடித்து ஓட்டுநருக்கு விளக்கு காட்ட வேண்டும். அதன் இரண்டாம் தலைமுறை 1996-இல் அமெரிக்கா முழுவதும் சட்டமானது. எல்லாக் காரிலும் ஒரே மாதிரி 16 முனை இணைப்பு, ஒரே மாதிரிக் கோடு எண்கள். புகை அளவு அனுமதித்ததைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டச் செய்யும் கோளாறு என்றால் விளக்கு எரிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இதேபோன்ற விதி வந்தது. இந்தியாவில் முதல் நிலை 2010 ஏப்ரலிலும் இரண்டாம் நிலை 2013 ஏப்ரலிலும் பாரத் ஸ்டேஜ் விதிகளின் பகுதியாக வந்தன. எல்லா நாட்டிலும் அதைக் கொண்டுவந்தது காற்றைக் காக்கும் சட்டம்தான். ஓடாத என்ஜின் புகை விடுவதில்லை. ஆகவே ஓடாத என்ஜினைப் பற்றிப் பேச வேண்டிய கடமையை அந்தச் சட்டம் கருவிக்குக் கொடுக்கவில்லை.

இதன் விளைவை மூன்று கோளாறுகளில் தெளிவாகப் பார்க்கலாம். கிராங்க் சென்சார் செத்துப்போனால், என்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பெட்ரோல் தெளிக்காது, பொறி தராது. சில கார்களில் கேம் சென்சாரோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கோடு பதியும், பல கார்களில் பதியாது. சூடானால் அணைந்து, ஆறினால் பிடிக்கும் சென்சார் என்றால் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் சரியாகியும் விடும். இரண்டாவது, டாங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும் சாதாரண எம்பிஎஃப்ஐ கார்களில் பெரும்பாலும் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. பம்ப்புக்குக் கரண்ட் அனுப்பச் சொன்னது வரைதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். மோட்டார் சுற்றுகிறதா, லைனில் 3 பார் அளவு அழுத்தம் நிற்கிறதா என்பதை, சாவியை ஆன் செய்தவுடன் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி 'ம்ம்' என்ற ஓசை வருகிறதா என்று காதால் கேட்டும், கேஜ் மாட்டியும்தான் அறிய முடியும். மூன்றாவது, அறுந்த டைமிங் பெல்ட். வால்வுகள் அசையாததால் பிஸ்டனுக்குத் தடை இல்லை. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றும். அனுபவமுள்ள காது மூன்று நொடியில் சொல்லிவிடுவதை, ஸ்கேனரை மட்டும் நம்பியவர் பாதி நாள் தேடுவார். அதற்குள் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்து, திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதிச் சேதமும் கூடலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு, அவை வலுவானவையும்கூட. இன்றைய ஸ்கேனர் கோடு படிப்பதோடு நிற்பதில்லை. செல்ஃப் அடிக்கும்போது எத்தனை ஆர்பிஎம் என்று கம்ப்யூட்டர் காண்கிறது, கூலண்ட் சென்சார் எத்தனை டிகிரி சொல்கிறது, சாவி அங்கீகரிக்கப்பட்டதா என்பதையெல்லாம் அந்தந்த நொடியில் காட்டும். நல்ல கருவியாக இருந்தால் பம்பைக்கூட இயக்கிப் பார்க்கலாம். இது உண்மை, பெரிய உதவி. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டும் திரையைப் பார்த்து கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்க, முதலில் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தோன்ற வேண்டும். அது கேள்வி கேட்கும் வரிசை தெரிந்தவருக்கே தோன்றும். இரண்டாவது வாதம், பழைய வரிசையில் இல்லாத காரணம் ஒன்று இன்று வந்துவிட்டது என்பது. திருட்டைத் தடுக்க 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதுக் கார்களில் கட்டாயமாக்கிய இம்மொபிலைசர், சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் காணாவிட்டால் என்ஜினைப் பிடிக்க விடாது. சில கார்களில் பிடித்து இரண்டு நொடியில் அணைத்துவிடும். இங்கே எந்தப் பாகமும் கெடவில்லை, கார் வேண்டுமென்றே மறுக்கிறது. இதை ஏற்கத்தான் வேண்டும். ஆனாலும் அது மறுப்பது பெட்ரோலையோ பொறியையோ தடுத்துத்தான். எது வரவில்லை என்று பார்த்துப் போகிறவர் அந்த இடத்துக்கும் வந்து சேர்வார். மூன்றாவது, பழைய மெக்கானிக்குகளும் கண்டென்சரையும் பிளக்கையும் கண்மூடித்தனமாக மாற்றியவர்கள்தானே என்பது. மறுப்பதற்கில்லை. அன்று பாகம் மலிவு, தவறு செய்தால் நஷ்டம் சிறிது. இன்று என்ஜின் கம்ப்யூட்டரைத் தவறாக மாற்றினால் போவது ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம். ஆகவே யோசித்துத் தேடும் கட்டாயம் இன்றுதான் அதிகம்.

பழைய அறிவு புதிய காருக்குள்ளும் உயிரோடு இருப்பதற்குச் சான்றுகள் உண்டு. மூழ்கிய கார்பரேட்டருக்கு ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும் வழக்கத்தை என்ஜினியர்கள் மறக்கவில்லை. இன்றைய பல கார்களில் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துச் செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும்படி புரோகிராமிலேயே எழுதியிருக்கிறார்கள். கம்ப்ரஷனைப் பார்க்கவும் பிளக்குகளைக் கழற்ற வேண்டியதில்லை. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிளில் கரண்ட் கிளாம்பை மாட்டி, ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும்போது மோட்டார் கூடுதல் கரண்ட் இழுப்பது மேடாகத் தெரியும். ஒரு மேடு தணிந்திருந்தால் அந்த சிலிண்டர் பலவீனம். மேடே இல்லாமல் அலை தட்டையாகப் போனால் டைமிங் பெல்ட். எந்தத் தடையை அன்று கை உணர்ந்ததோ அதையே இன்று திரை காட்டுகிறது. கெட்டரிங்கின் மோட்டார் பறித்துக்கொண்ட அறிவை அந்த மோட்டாரைக் கொண்டே திரும்பப் பெறுவதுதான் இது, நோயறியும் முறைகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரியாது. நம் ஐடிஐகளின் மோட்டார் மெக்கானிக் பிரிவில் ஸ்கேனரைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு இதையும் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் பயன்பெறுவார்கள்.

பழுதுபார்க்கும் தகவல் யாருக்குக் கிடைக்கிறது என்ற இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதிலும் புகைச் சட்டத்தின் முத்திரையே. 1990-இல் திருத்தப்பட்ட அமெரிக்கக் காற்றுத் தூய்மைச் சட்டம், புகை தொடர்பான பழுதுபார்ப்புத் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று கார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. ஐரோப்பாவில் அந்த உரிமை இடம்பெற்றது 2007-இன் யூரோ 5, யூரோ 6 புகை விதிகளுக்குள். பழுதுபார்ப்பவரின் உரிமை அதன் பெயரிலேயே சட்டமானது பிறகுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்து அதைச் சட்டமாக்கினார்கள். இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்கள்மீது 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத்துறையையும் அதில் சேர்த்தது. ஆனால் ஸ்டார்ட் ஆகாத ஒரு காரின் முன்னால் நிற்கும் சிறு பட்டறைக்காரருக்கு வேண்டியது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்கேனர் அல்ல. பம்ப் ரிலேக்குப் போகும் ஒயர் என்ன நிறம், அது எந்த முனையிலிருந்து வருகிறது, கிராங்க் சென்சாரின் அலை எப்படி இருக்க வேண்டும், பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு நிற்க வேண்டும் என்ற விவரங்கள்தான் வேண்டும். அவை புகைக் கோடுகளைப்போல் எல்லாக் காருக்கும் ஒரே மாதிரியானவை அல்ல. காருக்குக் கார், மாடலுக்கு மாடல் மாறுபவை. அந்த ஒயரிங் படங்களையும் அளவுகளையும் நியாயமான விலைக்கு, கேட்கும் எந்தப் பட்டறைக்கும் தர வேண்டும் என்று இந்திய விதி நேரடியாகச் சொல்ல வேண்டும்.